கத்திரி வெயிலில் மார்கழி வேகம்

அக்காவின் கணினிக்குப் பக்கவாட்டு மூடி கிடையாது. அது மொட்டைமாடியில் கிடந்தது. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துக் கூழ் வற்றல் காயவைத்திருப்பார்கள். மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டு மாடி அறைக்கு நான் வாடகைக்குக் குடிவந்த முதல் வாரத்தில், நான்கு மூலையிலும் திருகு துளைகள் கொண்ட அந்தத் தகரத் தட்டு எதைச் சேர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. கீழ் அறைக்குள் முதன்முறை போனபோதுதான் விளங்கியது. உள்ளிருப்பதெல்லாம் வெளியே தெரிய, ஒரு முக்காலியின்மேல் அந்தக் கணினி நின்றது. அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மேசை விசிறி ஒன்று, இப்படி அப்படித் திரும்பாமல், அதை மட்டுமே பார்த்து முழு வேகத்தில் சுழன்றது. அந்த வீட்டில் இருந்த நல்ல விசிறி அது ஒன்றுதான்.

"இந்த வூட்ல எனக்குக் காத்து வேணும்னா நானும் ஒரு மதர்போர்டு மாட்டிக்கணும்மா" என்றார் அக்காவின் கணவர் என்னிடம். குரோம்பேட்டையில் ஒரு தோல் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. விரல் நுனியால் தடவியே முதல் தரம், இரண்டாம் தரம் என்று சொல்லிவிடுவார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க சூடானா கத்துவீங்க மச்சான். அது கத்தாது. பாவம்."

அக்கா அச்சு வடிவமைப்பவர். கார்களுக்குள் வரும் பிளாஸ்டிக் பாகங்களை உருக்கி ஊற்றி எடுக்க எஃகில் குடைந்த அச்சுகள் வேண்டும். அந்த எஃகை எங்கே, எவ்வளவு ஆழம் குடைய வேண்டும் என்பதை அவர் திரையில் வரைவார். பிறகு, வெட்டும் இயந்திரத்தின் கத்தி போக வேண்டிய பாதையைக் கணினியைக் கொண்டு கணக்கிட்டு, ஒரு குறுந்தட்டில் பதிந்து மறைமலை நகருக்குக் கொடுத்தனுப்புவார். "இட்லித் தட்டுதான் இதுவும்" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். "என்ன, இந்த இட்லி கார் கதவுக்குள்ள போவும்." முன்பு அவர் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். அந்தப் பிரிவை மொத்தமாகப் புனேவுக்கு மாற்றியபோது அவர் போகவில்லை. வீட்டிலேயே தொடங்கினார். பெரிய நிறுவனங்களில் இந்த வேலைக்கென்றே தனிக் கணினிகள் உண்டு. அவரிடம் இருந்தது கடைத்தெருவில் எல்லோரும் வாங்கும் சாதாரணக் கணினி. ஒரு பெரிய பாதையைக் கணக்கிட அது பகல் முழுவதும் எடுத்துக்கொண்டது. ஆகவே அதை வேகமாக ஓட வைத்தார்.

கணினிக்கு மேலே சுவரில் பென்சிலால் எண்கள் எழுதியிருக்கும். மார்கழி, இரண்டு புள்ளி ஒன்பது. ஐப்பசி, இரண்டு புள்ளி ஏழு. பங்குனி, இரண்டு புள்ளி நான்கு. கத்திரி, இரண்டு புள்ளி ஒன்று. கணினியின் பிராசஸரை எந்தப் பருவத்தில் எவ்வளவு வேகத்தில் ஓட்டலாம் என்று அவரே சோதித்துக் கண்டறிந்த வரம்புகள் இவை. தயாரித்தவர்கள் அதற்கு விதித்த வேகம் ஒன்று புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ். அந்த எண் சுவரில் இல்லை.

"பொட்டில போட்டிருக்கறது அவன் பயம்" என்பார் அக்கா. "எந்த ஊர்ல, எந்த வெயில்ல, எவன் வாங்குவானோன்னு பயந்து குறைச்சுப் போடறான். உள்ள இருக்கறது அதோட தெம்பு. அதை நாமதான் கேட்டு வாங்கணும்."

தெம்பைக் கேட்டு வாங்குவதற்கு அவர் வைத்திருந்த சொற்கள் மூன்றே: "இன்னும் கொஞ்சம் போகும்." பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளக்கும்போது அதைச் சொல்வார். கணவரின் மொபெட் பெருங்களத்தூர் அருகே பெட்ரோல் இல்லாமல் இருமத் தொடங்கும்போது பின்னிருக்கையிலிருந்து அதைச் சொல்வார் என்று அவர் கணவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊரே சிக்குன்குனியாவில் படுத்த ஆண்டில் அக்காவுக்கும் வந்தது. வலது மணிக்கட்டு வீங்கி, கதவுத் தாழ்ப்பாளைக்கூட நீக்க முடியவில்லை. மூன்றாம் நாள் நான் மாடியிலிருந்து இறங்கிப் பார்த்தபோது மவுஸை இடப்பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டபடி வரைந்துகொண்டிருந்தார். "படுத்துக்கங்க அக்கா" என்றேன். "படுத்தாலும் வலிக்குது, உக்காந்தாலும் வலிக்குது. உக்காந்தா ஒரு வேலையாவது ஆகும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வீரம் எதுவும் இல்லை. தண்ணீர் ஆறிவிட்டதென்று சொல்லும் முகம்தான் அது.

அவர் ஓய்ந்து நான் பார்த்தது தொழுகைக்குப் போகும் பொழுதுகளில் மட்டும். அப்போது கணினிக்கும் ஓய்வு. "நான் அஸர் தொழுதுட்டு வரேன். அதுவரைக்கும் இது ஆறட்டும்" என்று நிறுத்திவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் பிராசஸரின் மேலுள்ள அலுமினியத் தகடுகளை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல், புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

எனக்கும் அந்த அறையில் ஒரு வேலை கிடைத்தது. வரைபடத்தைத் தாளில் அச்சிட்ட பிறகு, திரையிலுள்ள அளவுகளை ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் தாளில் அதே அளவைத் தேடி மஞ்சள் பென்சிலால் பூச வேண்டும். மஞ்சள் படாத எண் ஒன்றுகூடத் தாளில் மிஞ்சக்கூடாது. தொழிற்சாலையில் பழகிய முறை அது. தனியாக இருந்ததால் அவருக்கு வாசிக்க ஆளில்லை. நான் இலக்கிய மாணவி. எனக்கு அந்தப் படங்களில் ஒன்றும் விளங்காது. அதுவே தகுதி என்றார். "விளங்கினவங்க கண்ணால படிக்க மாட்டாங்க, மனசால படிச்சிருவாங்க." நூற்று இருபத்து நான்கு புள்ளி மூன்று பூஜ்யம் பூஜ்யம் என்று நான் கடைசிப் பூஜ்யங்களையும் விடாமல் வாசித்தது அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டாண்டுகளில் எத்தனையோ மாலைகள் நாங்கள் எண்களைத் தவிர வேறெதுவும் பேசாமல் கழித்திருக்கிறோம். என் வாழ்வில் நெருக்கமானவை என்று சொல்லத்தக்க உரையாடல்களில் அவற்றையும் சேர்ப்பேன்.

அவர் கண்மூடித்தனமாக வேகத்தைக் கூட்டுபவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் வேகத்தை மாற்றியதும், விடை தெரிந்த கணக்குகளையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லிச் சரிபார்க்கும் ஒரு மென்பொருளை ஒரு நாள் முழுவதும் ஓட விடுவார். ஒரு விடை பிசகினாலும் வேகத்தை ஒரு படி இறக்குவார். அந்த ஒரு நாள் சோதனையை அவர் தவிர்த்தது, நான் அறிந்தவரை, ஒரே ஒரு முறை.

அது மே மாதம். மறைமலை நகரில் அச்சு செய்யும் பட்டறை ஒன்று, கார்க் கதவின் உட்பக்கத்துக்கான பெரிய அச்சொன்றை அக்காவிடம் கொடுத்திருந்தது. அதுவரை அவருக்குக் கிடைத்தவை பொத்தான், மூடி போன்ற சின்ன அச்சுகள். இது சரியாக வந்தால் அந்த ஆண்டின் பெரிய அச்சுகள் எல்லாம் அவருக்கே என்று பட்டறையின் பொறுப்பாளர் வாக்களித்திருந்தார். கதவின் வடிவத்தில் கார்க் கம்பெனி கடைசி நேரத்தில் ஒரு மாற்றம் சொன்னது. பாதை முழுவதையும் மீண்டும் கணக்கிட வேண்டும். கையிலிருந்தது ஒரு பகல். கத்திரி வேகத்தில் அது ஒன்றரைப் பகல் வேலை.

அன்று விடியலில் சுபுஹு தொழுகை முடித்ததும் அக்கா கணினியை மார்கழி வேகத்துக்கு ஏற்றினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் போகும்" என்றார்.

போனது. உச்சி வெயிலில் அறை தகித்தது. விசிறிக்கு எதிரே ஈரத் துணி கட்டியிருந்தார். கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை, உறையவில்லை. மாலையில் குறுந்தட்டு மறைமலை நகர் போய்விட்டது. அன்றிரவு எல்லோருக்கும் பாயசம்.

நான்காம் நாள் பொறுப்பாளர் தொலைபேசினார். அக்கா ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் நானும் கேட்டேன். வெட்டிக்கொண்டிருந்த கத்தி, ஓரிடத்தில் இறங்க வேண்டியதைவிட ஆழமாக இறங்கி எஃகைத் தோண்டிவிட்டது. வெல்டு வைத்து அடைக்கலாம். ஆனால் தழும்பு தெரியும், ஒவ்வொரு கதவிலும் அந்தத் தழும்பு அச்சாகும். புது எஃகு வர வேண்டும்.

"நீங்க டென்ஷன் ஆவாதீங்க மேடம், உங்க சைடு பக்கா" என்றார் அவர். "ஆபரேட்டர் கை வெச்சிட்டான். பட்டனை எதையோ அமுக்கிட்டு, நான் தொடவே இல்லன்னு சாதிக்கிறான். வேலைக்கு வராதேன்னு அனுப்பிட்டேன். புது பிளாக் வந்ததும் உங்க அதே புரோகிராமை ஓட்டிடலாம்."

"சரி சார்" என்றார் அக்கா.

தொலைபேசியை வைத்தார். பிறகு கணினியை, சுவரில் எழுதப்படாத அந்த ஒன்று புள்ளி எட்டுக்கு இறக்கி, அதே பாதையை முதலிலிருந்து கணக்கிட விட்டார். இரண்டு நாள் ஓடியது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கணினி ஒப்பிட்டது. லட்சக்கணக்கான வரிகளில் ஒரே ஒரு வரி வேறுபட்டது. அக்கா அப்போதும் பழைய முறையை விடவில்லை. வாசிக்கச் சொன்னார். புதியதில், ஆழம் பதினெட்டு புள்ளி இரண்டு ஐந்து பூஜ்யம். பழையதில், இருபத்தாறு புள்ளி இரண்டு ஐந்து பூஜ்யம். சூட்டில் கணினி ஒரு கணக்கைத் தவறாகப் போட்டிருந்தது. போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போயிருந்தது.

அவர் மஞ்சள் பென்சிலைக் கீழே வைத்தார்.

அடுத்த இரண்டு நாட்கள் அவர் எந்த வேலையும் செய்யவில்லை. அலமாரியைத் துடைத்தார், தலையணை உறைகளைத் துவைத்தார். "அவங்களாத்தான் ஆபரேட்டர்னு சொன்னாங்க, நான் சொல்லலியே" என்று ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னார். அவர் கணவர், சாப்பிட்டுக்கொண்டே, "தோல்ல ஓட்டை இருந்தா தடவுன எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முதல் தரம்னு போட்டுட்டா, அப்புறம் நான் என்னத்த தடவறது?" என்றார். அக்கா அவருக்குக் குழம்பு ஊற்றினார். அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு என்கூட மறைமலை நகர் வரியா? நீ படிச்சாத்தான் எனக்கு நம்பிக்கை."

கணினியைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் எங்கள் இருவர் மடியிலும் படுக்கவைத்துக்கொண்டு போனோம்.

கணினிதான் தவறு செய்தது என்று அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டுப் பொறுப்பாளர் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும், கெட்டவர் அல்லர். "மேடம், ஆள் தப்பு பண்ணுவான், ஒத்துக்கறேன். கம்ப்யூட்டர் நின்னு போவும், அதுவும் ஒத்துக்கறேன். ஓடிக்கிட்டே கணக்கு தப்பாப் போடுமா? பாவம் பாத்து அவனைக் காப்பாத்த வந்திருக்கீங்க. போங்க, போய் அடுத்த வேலையைப் பாருங்க."

"ஓட்டிக் காட்டறேன் சார்."

பழுது வந்த பகுதியை மட்டும் கணக்கிட ஏறத்தாழக் கால் மணி நேரம். அவர்கள் வடிவமைப்பு அறையில் வைத்து, மார்கழி வேகத்துக்கு ஏற்றி, ஓட்டினார். விடை சரியாக வந்தது. மீண்டும் ஓட்டினார். சரி. மூன்றாம் முறையும் ஓர் இலக்கம் பிசகவில்லை. அறையில் ஏ.சி. சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் பொறுப்பாளர்.

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "இங்க மார்கழி சார். வெளிய வைக்கணும்."

பட்டறைக் கூடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஓர் இரும்பு மேசையில் வைத்தார்கள். மணி இரண்டு. இயந்திரங்களின் சூடும் கூரையின் சூடும் சேர்ந்து இறங்கின. ஆபரேட்டரை வரச்சொல்லிப் பொறுப்பாளரே ஆள் அனுப்பியிருந்தார். அவர் முப்பத்தைந்து வயது மனிதர், வெளுத்த சட்டை. சற்றுத் தள்ளி, தான் தொடக்கூடாத பொருளைப் பார்ப்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வேலையை விட்டு நாலைந்து பேர் வந்து சூழ்ந்தார்கள்.

"இன்னாபா நடக்குது?"

"பொட்டி தப்பு பண்ணுமாம். பண்ற வரிக்கும் நிக்கணுமாம்."

"நம்ம சூப்பர்வைசரை உக்கார வெச்சா ஒரே நிமிட்ல பண்ணிடுவாரே."

முதல் முறை சரி. இரண்டாவதும் சரி. இத்தனை ஆண்டுகளாக அது பிசகாமல் இருக்க வேண்டுமென்று புறங்கையால் தொட்டுப் பார்த்தவர், இப்போது அது பிசக வேண்டுமென்று எதிரே நின்றார். வியர்வை கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. மூன்றாவதும் சரி.

பொறுப்பாளருக்கே இரக்கம் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டிப் பாருங்களேன் மேடம்."

"வேணாம் சார்" என்றார் அக்கா. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். "அன்னைக்கு எவ்ளோ வெச்சேனோ அவ்ளோதான். அதுக்கு மேல வெச்சுத் தப்பு வந்தா, அது அன்னைக்குப் பண்ண தப்பு ஆகாது."

நான்காவது சரி. ஐந்தாவது முடிந்தபோது ஒப்பிட்ட திரையில் ஒரு வரி சிவப்பாக நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். நான் வாசித்தேன். இருக்க வேண்டியது பதினேழு புள்ளி ஒன்பது பூஜ்யம் பூஜ்யம். இருந்தது பதின்மூன்று புள்ளி ஒன்பது பூஜ்யம் பூஜ்யம்.

பொறுப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது அந்த வரி இல்லியே. அன்னைக்கு வேற எடத்துல இல்ல வெட்டுச்சு?"

"எப்பவும் ஒரே இடத்துல வந்தா புரோகிராம்ல தப்பு சார். இடம் மாறி மாறி வந்தா மெசின் அசந்துபோச்சுன்னு அர்த்தம். நான்தான் அசர வெச்சேன்."

பொறுப்பாளர் இன்னொரு முறை அந்த இரண்டு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஆபரேட்டரிடம், முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் வந்துடு" என்றார். அக்காவிடம், "மேடம், இதைக் காலைல மேல இருக்கறவங்களுக்கும் காட்டணும். பொட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார். பெரிய அச்சுகளைப் பற்றி அவரும் பேசவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பேசாததிலேயே அது முடிந்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆபரேட்டர் வாயில்வரை எங்களோடு வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு வாரமா இந்தக் கைய பாத்துகினே கீறேங்க்கா. தொடலன்னு எனக்குத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, நாமதான் எங்கயோ அசந்து தொட்டுட்டோமோன்னு எனக்கே தோணிப்போச்சு. வூட்ல கொயந்தயத் தூக்கக்கூட பயமா இருந்துச்சு."

ஆபரேட்டர் திரும்பிக் கூடத்துக்குள் போகும்வரை அக்கா வாயிலிலேயே நின்றார்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்ரயில் வந்தது. கையில் சுமை ஏதுமில்லாமல் ஏறினோம். பெண்கள் பெட்டியில் சன்னலோர இருக்கை கிடைத்தது. பொத்தேரி தாண்டியதும் அக்கா கண்களை மூடினார். கூடுவாஞ்சேரியில் தலை சரிந்து சன்னல் கம்பியில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பெருங்களத்தூரில் ஏறிய கனகாம்பரம் விற்கும் பெண் அவர் காதருகில் கூவியும் அசையவில்லை. தூங்கும் அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை; எனக்குத் தெரிந்த முகத்தைவிட அது பத்து வயது மூத்ததாக இருந்தது.

தாம்பரம் வந்தது. பெட்டியில் பாதிக் கூட்டம் எழுந்து இறங்கியது. எழுப்புவதற்காக அவர் தோளருகே கொண்டுபோன கையை மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. சானடோரியம் போனது, குரோம்பேட்டை போனது, பல்லாவரம் போனது. எங்களிடம் தாம்பரம்வரைக்கும்தான் டிக்கெட் இருந்தது.